போர்த்திய நெருப்பு

கொதிகலன் கூடம்,
பல்கலைக்கழகம்.
ஏப்ரல் 9

அன்புள்ள ரோனா,

அடுத்தவர் வீட்டுப் போனில் பேசினால் சண்டையாகிறது, எழுது என்றாய். எழுதுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது. நீ பாதியில் வைத்துவிட்டாலும் எனக்குத் தெரியாது.

நலமாக இருக்கிறேன். உன் முதுகு வலி எப்படி? லாரியின் இருக்கையை மாற்றித் தருவதாக பெர்ட் சொன்னாரே, மாற்றினாரா? சுரங்கம் நடத்துகிறவருக்கு ஓர் இருக்கை பெரிய விஷயமா?

புதிய கொதிகலன் வந்து இறங்கிவிட்டது. கூரையின் ஒரு பக்கத்தைக் கழற்றி, கிரேனால் இறக்கினார்கள். பழைய நிலக்கரிக் கொதிகலன்கள் இரண்டும் பக்கத்திலேயே நிற்கின்றன. குளிர்காலம் முடிந்து, செப்டம்பர் வசந்தத்தில்தான் அவற்றை அறுத்து எடுப்பார்கள். அதுவரை மூன்றும் ஒரே கூடத்தில், மருத்துவமனைக் கட்டில்கள் போல. மாணவர்கள் கூட்டமாக நின்று படம் பிடித்தார்கள். ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "இனிமே இங்க கரியே எரிக்க மாட்டீங்க, இல்ல?"

ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம். அதற்காகத்தான் எனக்கு இந்த வேலை. உன் முகம் குறுக்கே வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

எரிபொருள் மரச்சில்லு. அறுவை ஆலையில் மிஞ்சுவது, காட்டில் வெட்டிப் போட்ட பைன் மரத்தின் நுனிகள், எல்லாவற்றையும் விரல் அளவுக்கு நறுக்கி லாரியில் அனுப்புகிறார்கள். கூடத்தில் கரி வாசனை போய்ப் பைன் வாசனை வந்துவிட்டது. எனக்கு ஒரே தும்மல்.

அறை ஒரு விடுதியின் நிலவறையில். சன்னல் இருக்கிறது. அது ஒரு பள்ளத்தைப் பார்க்கிறது. நடந்து போகிறவர்களின் கால்கள் தெரியும். முகங்கள் தெரியாது. கட்டிலுக்கு நேர் மேலே வெந்நீர்க் குழாய்கள் போகின்றன. இரண்டு குளிர்காலம் இந்தக் கொதிகலனை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். நடுவில் விட்டுப் போனால் இந்தத் தீவில் வேறு எந்தக் கொதிகலன் பக்கமும் என்னை விட மாட்டார்கள்.

உன்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். உன் சுரங்கத்தின் கரியை நிறுத்துகிற வேலைக்கு. தவறுதான். இனி எந்த முடிவானாலும் முதலில் உன்னிடம் கேட்பேன். எழுத்தில் தருகிறேன்.

இரவு அடுப்பைப் போர்த்தும்போது என்னை நினைத்துக்கொள்.

உன்,
டூகல்


ஹெக்ஸ்டன்,
ஏப்ரல் 20

டூகல்,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபமாக.

இருக்கை மாறவில்லை. பெர்ட் ஒரு மெத்தைத் துண்டு கொடுத்தார். அது அவர் நாயினுடையது என்று நினைக்கிறேன். முதுகுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

பால் ஆலையும் கரியை விட்டுவிட்டது. இனி எங்களிடம் வாங்க உன் பல்கலைக்கழகம் மட்டும்தான். கடையில் எல்லோர் முன்னாலும் டாமா கேட்டான்: "ஏம்மா ரோனா, நம்ம எல்லாரையும் எப்ப அணைக்கப் போறான்னு உன் புருஷன்கிட்ட ஒரு தேதி கேட்டுச் சொல்லேன். மீன் பிடிக்கப் போறதுக்கு நாள் குறிக்கணும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் கல்யாணத்தில் உனக்குத் தோழனாக நின்றவன், அவனிடம் என்ன கோபித்துக்கொள்வது? "தேதியெல்லாம் கேக்க வேணாம். செஞ்சு முடிச்சிட்டு அவனே வந்து சொல்லுவான்," என்றேன். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் அது எனக்கு வலித்தது.

எதிர்வீட்டு 'விற்பனைக்கு' பலகையில் ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன. நாமும் ஒன்று வைத்தால் ஆடுகளுக்கு வசதி. வாங்க ஆள் வராது.

அடுப்பைத் தினமும் நானே போர்த்துகிறேன். ஈரக் கரித்தூள், மேலே சாம்பல், பிறகு காற்று வாயைச் சாத்துவது. காலையில் கிளறினால் உள்ளே சிவப்பாக இருக்கிறது. கல்யாணத்தன்று உன் அம்மா வாளியில் கொடுத்தனுப்பிய தணல். இந்த ஊரில் எந்த அடுப்பும் தீக்குச்சியால் தொடங்கியதில்லை. நம் அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை. உன் முறை, என் முறை என்று போர்த்தினோம். இப்போது எல்லாம் என் முறை.

எழுத்தில் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரோனா


கொதிகலன் கூடம்,
ஜூன் 5

அன்புள்ள ரோனா,

பற்ற வைத்துவிட்டோம்.

விழா நடந்தது. மேடையில் துணைவேந்தர் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அது எதனோடும் இணைக்கப்படாத பொத்தான். கைதட்டல் கேட்டதும் உள்ளே சிமி உண்மையான விசையைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. சிமி என்னோடு வேலை பார்க்கிற சமோவாக்காரன். வெளியே எல்லோரும் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நாங்கள் கைதட்டலுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். யாரும் அசையவில்லை. கடைசியில் சிமி தானே கைதட்டிவிட்டு, தானே விசையைப் போட்டான்.

நன்றாக எரிகிறது. உன்னிடம் சொல்லக் கூடாத செய்தி. ஆனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? புகை கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பலும் கொஞ்சம்தான். தோட்டக்காரர்கள் ரோஜாவுக்கு வேண்டுமென்று எடுத்துப் போகிறார்கள்.

ஆனால் இது கரி மாதிரி இல்லை. கரி பொறுத்திருக்கும். போர்த்தினால் தூங்கும். மரம் தூங்காது. கிடங்கிலிருந்து ஒரு நீளமான திருகு, குழாய் வழியாகச் சில்லுகளைத் தள்ளி நெருப்பில் போடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால், குழாய் காலியாகும்வரை திருகை ஓட்ட வேண்டும். கடைசிச் சில்லு எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அப்படியே நிறுத்தினால், குழாயில் கிடக்கும் சில்லுகளைப் பிடித்துக்கொண்டு நெருப்பு பின்னோக்கி ஊர்ந்து கிடங்குக்குள் போய்விடும். நெருப்புக்கும் கிடங்குக்கும் நடுவில் எதையும் விட்டுவைக்கக் கூடாது. சிமிக்கு இதைத் தினமும் சொல்கிறேன். கேட்காதது என் கைதான். சாயங்காலமானால் அது தானாகக் காற்று வாயைத் தேடிப் போகிறது.

என் அறைக் குழாயை மூட விசை கிடையாது. நான் உண்டாக்கும் சூடு முழுவதும் என் தலைக்கு மேலே போய்த்தான் மற்றவர்களைச் சேர்கிறது. சன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறேன். வெளியே ஜூன் மாதத்து உறைபனி. கால்கள் போகின்றன, வருகின்றன.

ஒரு முறை இங்கே வருகிறாயா?

உன்,
டூகல்


ஹெக்ஸ்டன்,
ஜூன் 22

டூகல்,

வரவில்லை. அந்தப் புகை இல்லாத புகைபோக்கியைப் பார்க்க எனக்கு மனமில்லை.

நீ வா. ஜூலைத் தொடக்கத்தில் மாணவர்களுக்கு விடுமுறைதானே? ஒரு வெள்ளிக்கிழமை அதை நிறுத்திவிட்டுக் கிளம்பு. உன்னிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். அடுப்பைப் போர்த்துகிற நேரத்துக்குள் வந்துவிடு. அதற்குப் பிறகு சமையலறை குளிர்ந்துவிடும். குளிரில் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும்.

சீஸ் ரோல் செய்து வைக்கிறேன்.

ரோனா


கொதிகலன் கூடம்,
ஜூலை 8

அன்புள்ள ரோனா,

நீ சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. அதுதான் முதலில் மனத்தில் நிற்கிறது. கிடங்கு பிறகுதான்.

நடந்ததை எழுதுகிறேன். வெள்ளி மாலை நான்கு மணிக்கு நிறுத்தத் தொடங்கினேன். சிமி விடுப்பில் போயிருந்தான். இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் ஆறு. வண்டியில் வந்து சேரும்போது நீ போர்த்திவிட்டுப் படுத்திருப்பாய். திருகை அப்படியே நிறுத்தினேன். சாம்பலை இழுத்து மேலே போட்டேன். காற்று வாயைச் சாத்தினேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல ஆசை. இல்லை. என் கை செய்வதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது அது சரியாகத் தோன்றியது. இரவு வேலை முடித்த ஒரு மனிதன் செய்யும் காரியம் போல.

மலையைத் தாண்டியதும் வழக்கம்போல் கைபேசியில் சிக்னல் செத்துவிட்டது. அபாய மணி அதில்தான் அடித்திருக்க வேண்டும். நீ என் தட்டில் இரண்டாவது ரோலை வைத்தபோது பெர்ட் வந்து கதவைத் தட்டினார். ஊரில் கம்பித் தொலைபேசி வைத்திருக்கும் ஒரே ஆள். "டூகல், உன் காலேஜ் எரியுதாம்பா."

கல்லூரி எரியவில்லை. கிடங்கு புகைந்தது. தண்ணீர்க் குழாய் தானாகத் திறந்து கொட்டியிருக்கிறது. மூட ஆளில்லை. சில்லுகள் ஊறிப் பெருத்துப் பாறையாகிவிட்டன. திருகின் மோட்டார் போய்விட்டது. தீயணைப்பு ஆட்கள் எல்லாவற்றையும் வாரிக் கிரிக்கெட் மைதானத்தில் கொட்டினார்கள். இன்னும் ஆவி போகிறது. யாருக்கும் காயமில்லை.

திங்கட்கிழமை மாணவர்கள் திரும்பிவிட்டார்கள். நூலகத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படிக்கிறார்கள். பழைய கரிக் கொதிகலனைத் திரும்பப் பற்ற வைத்தோம். பெர்ட்டுக்கு இங்கிருந்து அழைப்பு வந்திருக்கும்.

என்ன சொல்ல வந்தாய்?

உன்,
டூகல்


ஹெக்ஸ்டன்,
ஜூலை 12

டூகல்,

அழைப்பு வந்தது. ஒரு மாதக் கரி. பெர்ட் மெத்தைத் துண்டை எடுத்துவிட்டு இருக்கையையே மாற்றிவிட்டார்.

ஊரில் நீ இப்போது பெரிய ஆள். கிளப்பில் டாமா மேசை மேல் ஏறி நின்றான். "நான் அன்னிக்கே சொல்லல? எங்க போனாலும் டூகல் நம்ம பய! உள்ள இருந்தே வச்சான் பாரு வெடி!" பெர்ட் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஒருத்தருக்கும் தெரியாதே? கவனமா இருக்கச் சொல்லு."

நான் மறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாயில் ரோல் இருந்தது. மென்று முடிப்பதற்குள் எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இது சாக்கு என்று எனக்கும் தெரியும். பல மாதங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் பேச்சை நிறுத்தவில்லை, டூகல். அது நன்றாக இருந்தது.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் கேட்கிறேன். வேண்டுமென்றே செய்தாயா?

நான் சொல்ல வந்தது காத்திருக்கும்.

ரோனா


கொதிகலன் கூடம்,
ஜூலை 16

அன்புள்ள ரோனா,

இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. போர்த்தும் நேரத்துக்குள் வர நினைத்தேன். அவ்வளவுதான். ஊரில் அதைச் சொல்ல முடியாது. இங்கேயும் சொல்ல முடியாது. அங்கே துரோகியாகிவிடுவேன். இங்கே, வீட்டு ஞாபகத்தில் நெருப்பை விட்டுப் போனவன்.

கட்டடங்களுக்குப் பொறுப்பான ஹெலீன் என்னைக் கூப்பிட்டார். நடந்ததை நான் எழுதித் தர வேண்டும். நேராகத்தான் பேசினார். "தப்பு மிஷின் மேலன்னா, அத திருப்பி அனுப்பிடுவோம். இன்னும் நாலஞ்சு வருஷம் கரிதான். தப்பு ஆளு மேலன்னா, மிஷின் இருக்கும். எதுவா இருந்தாலும் பாத்தத எழுதுங்க டூகல். உங்களத் தவிர அங்க யாருமில்ல."

என்னைத் தவிர யாருமில்லை. ஒரு வரி மாற்றினால் போதும். திருகு தானாக நின்றுவிட்டது என்று. உன் லாரி ஓடும். நான் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தக் குழாய்களுக்குக் கீழே இனிப் படுக்க வேண்டாம்.

மைதானத்தில் அந்தக் குவியல் இன்னும் உள்ளுக்குள் சூடாகவே இருக்கிறது. சிமி அதில் கையை நுழைத்துப் பார்த்துச் சிரிக்கிறான்.

உன்,
டூகல்


ஹெக்ஸ்டன்,
ஜூலை 20

டூகல்,

எழுது. ஆனால் அனுப்பாதே. சனிக்கிழமை கரி லாரியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். பெர்ட்டிடம் சொல்லிவிட்டேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். பிறகு அனுப்பலாம்.

பொய் எழுதச் சொல்வதற்காக வரவில்லை. எழுதாதே என்று சொல்வதற்காகவும் இல்லை. நீ ஒரு முடிவு எடுக்கும்போது நான் ஒரு முறையாவது அந்த அறையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைவரை பொறு. ஏப்ரலில் நீ எழுத்தில் கொடுத்தது அதுதான்.

ரோனா


கொதிகலன் கூடம்,
ஜூலை 29

அன்புள்ள ரோனா,

நீ கிளம்பிய பிறகு அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன்.

அந்தச் சந்தில் லாரியை ஒரே திருப்பில் பின்னால் எடுத்து வந்தாய். சிமி வாயைப் பிளந்தான். "நம்ம டிரைவருங்க மூணு தடவ முன்ன பின்ன போவாங்க. யாரு இது?"

"என் மனைவி."

"அப்ப நீ எதுக்குய்யா இங்க கெடக்குற?"

அப்போதுதான் நீ கண்ணாடியை இறக்கினாய்.

"அனுப்பிட்டியா?"

"வியாழக்கிழமையே."

"என் லெட்டர் வரலியா?"

"புதன்கிழமை வந்துச்சு."

நீ என்னைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாய். "சரி. எங்க கொட்டணும்?"

கொட்டினாய். இறங்கவில்லை. போய்விட்டாய்.

காரணத்தை எழுதுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால்கூட, நான் பழியை இயந்திரத்தின் மேல் போட்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் நீ வருவதற்குள் அனுப்பிவிட்டேன். தவறு முழுவதும் என் கை செய்தது என்று எழுதியிருக்கிறேன். டாமா கேட்டால் சொல்.

என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். ஹெலீன் வேறு மாதிரி சொன்னார். இப்படி எழுதித் தரும் ஆளை விட முடியாதாம். மூன்றாவது குளிர்காலமும் இருக்க வேண்டுமாம். சிமியோடு இன்னும் இரண்டு பேரைப் பழக்க வேண்டுமாம். அறையில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றுவிட்டேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

நிலவறை வேண்டாம் என்றேன். மலைச்சரிவில் இரண்டு அறை வீடு ஒன்று தருகிறார்கள். சன்னலில் முகங்கள் தெரியும். வந்துவிடு, ரோனா. ஒரு வெள்ளிக்கிழமை நானே வந்து உன்னை அழைத்துக்கொள்ளட்டுமா? இந்த முறை குழாய் காலியாகும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.

என்ன சொல்ல வந்தாய் அன்று?

உன்,
டூகல்


ஹெக்ஸ்டன்,
ஆகஸ்ட் 17

டூகல்,

உன் கடிதம் அழகாக இருந்தது. உன் கடிதங்கள் எப்போதும் அப்படித்தான். எல்லாம் முடிந்த பிறகு வரும். அழகாக வரும்.

பெர்ட் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். செப்டம்பர் கடைசியோடு சுரங்கம் மூடல். டாமா எழுந்து நின்றான். பிறகு, "உண்மையத்தான எழுதியிருக்கான். உண்மைய எழுதுனவன எப்படித் திட்றது?" என்றான். பிறகு திட்டினான். நன்றாகவே திட்டினான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

நீ உண்மையை எழுதியதிலும் எனக்குக் கோபம் இல்லை. அன்று லாரியில் வரும் வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பாலத்தைத் தாண்டும்போது, எழுதாதே என்று சொல்வேன் போலிருந்தது. உன் நகரத்தின் விளக்குகள் தெரிந்தபோது, எழுது என்று சொல்வேன் போலிருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று உன் மேசையருகே உட்கார்ந்து தெரிந்துகொள்ள நினைத்தேன். அதை நீ எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஜூன் மாதமே. பதில் சொல்லாமல் வைத்திருந்தேன். போகட்டுமா என்று முதலில் உன்னிடம் கேட்க நினைத்தேன். அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை உன்னை வரச் சொன்னேன்.

போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

திங்கட்கிழமை விமானம். சாவி பெர்ட்டிடம் இருக்கும். எந்த வெள்ளிக்கிழமையும் வராதே. முகவரி எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

நேற்று இரவு அடுப்பைப் போர்த்தவில்லை. டாமா வாளியை எடுத்துக்கொண்டு வந்தான். "கொஞ்சம் தணல குடு ரோனா. எங்க அடுப்புல வச்சிருக்கேன். நீயோ அவனோ என்னிக்கு வந்தாலும் திருப்பித் தர்றேன்." வாசலிலேயே நின்றான். நல்லவன். வெறும் வாளியோடு திருப்பி அனுப்பினேன்.

நடுவில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று நீதான் எழுதியிருந்தாய். காற்று வாயை முழுதாகத் திறந்துவிட்டேன். கடைசித் தணல் வெளுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றாய். கரிக்கு விடியும்வரை ஆகிறது.

ரோனா